உதை வாங்க ஊருக்கு வராதே, கண்ணு

கண்ணு,

சேவூரிலிருந்து அம்மா எழுதுகிறேன். அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நேற்று போனிலேயே தெரிந்துகொண்டேன், திரும்பக் கேட்கப் போவதில்லை. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து எழுதவில்லை. சமையல் மேடை மேல் நோட்டை வைத்து, நின்றுகொண்டு, ஒரு காலை மணைக்கட்டை மேல் தூக்கி வைத்து எழுதுகிறேன். அப்படி நின்றால் இடுப்புக்கு இதமாக இருக்கிறது. சொல்ல அவ்வளவு இருக்கிறதடா! போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். எழுதிவிட்டால் படித்துத்தான் ஆகவேண்டும். ஊரார் படித்தாலும் படிக்கட்டும். நம் தெருவில் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் ஓர் இடுப்பு வலி இருக்கிறது. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

நேற்று நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"யம்மா, ஞாயித்துக்கிழம ஊருக்கு வரேன். டிபன் கடை அண்ணன் கால் முன்னாடி பொறந்தவர்தானே? காலையில வந்து மூணு உதை உதைக்கச் சொல்லி வைய்யி."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"நெஜமாத்தாம்மா சொல்றேன். இடுப்புக்கு ஸ்கேன் எடுத்தாச்சு, மாத்திரை முழுங்கியாச்சு. மூணு வாரமா படுத்துகினே கீறேன். இனிமே மலையாவது ஏர்றதாவது. எல்லாம் முடிஞ்சி போச்சு."

ஞாயிற்றுக்கிழமை ஆனால் நண்பர்களோடு பையை மாட்டிக்கொண்டு எந்த மலை, எந்தக் காடு என்று கிளம்புகிறவன் நீ. மலை உச்சியிலிருந்து நீ அனுப்புகிற போட்டோவை நான் பக்கத்து வீடு வரைக்கும் எடுத்துப்போய்க் காட்டிவிட்டு வருவேன். அந்த மலையேறும் ஷூவை நண்பனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாய் என்று மருமகள் சொன்னாள். முப்பத்திரண்டு வயதில் எவனாவது எல்லாம் முடிந்துபோச்சு என்று சொல்வானா? அதனால்தான், இத்தனை வருஷமாக உன்னிடம் மறைத்த ஒன்றை இப்போது சொல்லப் போகிறேன். கோபப்படாதே. பட்டாலும் நின்றுகொண்டு கோபப்படு, படுத்துக்கொண்டு வேண்டாம்.

நீ பிறந்தபோது தலைக்கு முன்னால் கால்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாரும் பயந்துபோனார்கள். நீ பிழைத்தாய், நானும் பிழைத்தேன். ஊருக்கு வந்ததும் தெருவே கொண்டாடியது. கால் முன்னால் வந்து பிறந்தவன் காலால் உதைத்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. நெசவுத் தெருவில் அப்படி ஒரு பிள்ளை பிறந்தால் கேட்க வேண்டுமா? நாலு வயதிலேயே உனக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. விடிந்ததும் முகம்கூடக் கழுவாமல் வந்து நம் வீட்டுச் சுவரில் கை ஊன்றி வரிசையாக நிற்பார்கள். நான் உன்னைத் தூக்கத்திலேயே இடுப்பில் சுமந்து வந்து, உன் இடது காலைப் பிடித்து மூன்று தடவை தட்ட வைப்பேன். பிஸ்கட் வரும், முறுக்கு வரும். "ஆத்தா குடுத்த காலு" என்று நான் பூரித்துப் போவேன். சிலருக்கு உண்மையிலேயே விட்டுப்போனது. பிடிப்பு என்பது நாலு நாளில் தானே போய்விடும் என்று யாருக்குத் தெரியும்?

நீ காலேஜ் மூன்றாம் வருஷம் படிக்கும்போது பொங்கலுக்கு வந்தாயே, அந்த மாட்டுப்பொங்கல் காலை. எனக்கு ஒரு மாதமாக இடுப்பில் வலி. இடுப்பில் மட்டும்தான், காலில் ஒன்றும் இல்லை. வீட்டிலேயே வைத்தியன் இருக்கும்போது வெளியே எதற்குப் போகவேண்டும் என்று உன்னை எழுப்பினேன்.

"யம்மா, சும்மா இரும்மா. நான் எழுவது கிலோ கீறேன்" என்றாய்.

"சாமி குடுத்த கால்டா. சாமிக்கு ஏதுடா கிலோ?" என்றேன் நான்.

முதல் இரண்டு உதையும் நீ பூ வைப்பது போல வைத்தாய். நான் சும்மா இருந்திருக்கலாம். இந்த வாய் இருக்கிறதே! "இது உதையா? ஈ ஓட்டிகினு கீறியா?" என்று சீண்டினேன். மூன்றாவதை நீ கொஞ்சம் அழுத்தி வைத்துவிட்டாய். அந்த நொடியில் இடுப்பிலிருந்து சுண்டு விரல் வரை ஒரு கரண்ட் இறங்கியது பார், கண்ணில் பூச்சி பறந்தது. ஆனால் நீ பயந்துபோய் நின்றாய். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, "போயிடுச்சுடா கண்ணு! இன்னா காலுடா இது!" என்று சிரித்தேன். நீ சந்தோஷமாகச் சென்னைக்குப் பஸ் ஏறினாய். நீ போனதும் நான் பாயில் விழுந்தவள்தான். குழாயடியில் வழுக்கி விழுந்தேன் என்று உனக்குச் சொன்னது பொய். அப்பாவுக்குத் தெரியும். தெருவுக்குச் சொல்லவில்லை. பிள்ளையின் காலுக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமே என்று நினைத்தேன். அந்த மௌனத்தால் அதற்கப்புறமும் எத்தனை பேர் யார் யார் காலிலோ உதை வாங்கினார்களோ, அந்தப் பாவமும் என்னோடதுதான்.

கொஞ்சம் இரு. அரை மணி ஆகிவிட்டது. தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். டிபன் கடைக்காரரையும் பார்த்துவிட்டு வந்தேன், அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து நான் செய்த தப்பு, இப்போது நீ செய்துகொண்டிருக்கிற அதே தப்பு. படுத்தேன். வெறும் தரையில் பாயைப் போட்டு இரண்டு மாதம் படுத்தேன். அசைந்தால் நரம்பு அறுந்துவிடும் என்று பயம். அப்பாதான் சமைத்தார், அந்தச் சாம்பாரைப் பற்றி எழுதினால் மனிதர் கோபித்துக்கொள்வார். படுக்கப் படுக்க வலி குறையவில்லை, என் தெம்புதான் குறைந்தது. எழுந்து நின்றால் கால் என் கால் மாதிரியே இல்லை. அப்புறம் எழுந்தேன், தறியிலும் உட்கார்ந்தேன், ஆனால் வருஷக்கணக்கில் ஒரு காலை இழுத்துக்கொண்டே திரிந்தேன். கோயிலுக்குப் போனால் வாசலிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். மாதம் தவறாமல் கிரிவலம் போனவள், திருவண்ணாமலை பஸ்ஸைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பஸ் குலுங்கினால் பத்து நிமிடம் உட்கார முடியாது. உன் புது வீட்டுக்கு நான் வராததற்குக் காரணம் தறியில் வேலை என்று சொன்னேனே, அது வேலை இல்லை, இதுதான்.

போன வருஷம் அப்பா என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே உடற்பயிற்சி வைத்தியம் பார்க்கிற பெண் ஒருத்தி, தெள்ளார் பக்கத்துப் பெண், உன் வயதுகூட இருக்காது. என்னைக் குனியச் சொன்னாள், நிமிரச் சொன்னாள், காலைத் தூக்கச் சொன்னாள். நான் உதைக் கதையை முழுசாகச் சொல்லிவிட்டு, "என் புள்ள உதைச்சதாலதான் வந்துச்சாம்மா?" என்று அழுதேன்.

அவள் சிரித்துவிட்டாள். "முப்பது வருசமா குழியில குனிஞ்சிகினு உக்காந்தீங்களே ஆன்ட்டி, அத உட்டுட்டு மூணு உதையப் புடிச்சிகினீங்களா? முதுகெலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு கீது. அது பிதுங்கி நரம்ப அமுக்குது. இடுப்பு பண்ண தப்புக்கு சுண்டு விரல் கத்துது, அவ்ளோதான். ஆனா வலிக்கிற முதுக யாரும் உதைக்கவும் கூடாது, மிதிக்கவும் கூடாது. அது எப்பவும் தப்பு."

கேட்டாயா? உன் காலுக்கு விடுதலை! பத்து வருஷத்துக்கு மேல் என் நெஞ்சில் கிடந்த கல் அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் உருண்டு போனது.

அவள் சொல்லிக்கொடுத்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. குப்புறப் படுத்து, முழங்கை இரண்டையும் ஊன்றி, பாம்பு தலை தூக்குகிற மாதிரி மெதுவாக நெஞ்சைத் தூக்க வேண்டும். எனக்கு அதுதான் ஒத்துக்கொண்டது, உனக்கு வேறு சொன்னாலும் சொல்வார்கள், பார்க்காமல் செய்யாதே. அரை மணிக்கு ஒரு தடவை உட்கார்ந்த இடத்தை விட்டு எழ வேண்டும். தரையிலிருந்து எதை எடுத்தாலும் முட்டியை மடக்கி எடுக்க வேண்டும், இடுப்பை வளைத்து அல்ல. ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முட்டிக்கும் நடுவில் ஒரு தலையணை. அப்புறம் நடை. வலி வருவதற்கு முன்னால் நிற்கிற நடை. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று சொன்னாள் பார்: "வலி காலுல இருந்து மேல ஏறி இடுப்புக்கு வந்துச்சுன்னா பயப்படாதீங்க, அது நல்ல சேதி. இடுப்புல இருந்து கீழ எறங்குச்சுன்னா அன்னைக்கு அதோட நிறுத்திடுங்க." எனக்கு அது வேதவாக்கு.

போனில் அரை மணிக்கு ஒரு தரம் சாமி பாட்டு அடிக்கிற மாதிரி வைத்துவிட்டேன். பாட்டு வந்தால் நூல் ஓட்டுகிற நாடாவை அப்படியே வைத்துவிட்டுக் குழியை விட்டு ஏறிவிடுவேன். அப்பா முதலில், "இன்னா, அதுக்குள்ள சாமி கூப்ட்டுச்சா?" என்று கிண்டல் செய்தார். இப்போது அவரும் ஏறுகிறார்! முதல் நாள் பத்து வீட்டுத் தூரம் நடந்தேன். அடுத்த வாரம் பால் சொசைட்டி வரை. அப்புறம் ஏரிக்கரை. ஆறாவது வாரம் ஒரு காலை, ஏரிக்கரையில் நடக்கும்போது திடீரென்று கவனித்தேன், சுண்டு விரலில் எரிச்சல் இல்லை! கெண்டைக்கால் வரைதான் இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் கெண்டைக்காலையும் விட்டது. தொடையோடு நின்றது. கரையில் நின்று கத்திவிட்டேன். மாடு ஓட்டிக்கொண்டு போனவர், "இன்னாக்கா, பாம்பா?" என்று ஓடி வந்தார்.

இப்போதுதான் முக்கியமான சங்கதி. போன புதன்கிழமை நான் கிரிவலம் போனேன்! உனக்குச் சொல்லவே இல்லை. நடந்து முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். பௌர்ணமிக் கூட்டத்தில் இடி வாங்க முடியாது. சாதாரண நாளில், விடிந்ததும் முதல் பஸ், துணைக்கு அப்பா. போளூரில் பஸ் நின்ற நேரம் முழுக்க எழுந்து நின்றேன். "சீட்டு கெடைக்காம ஜனங்க அடிச்சிகினு கீறாங்க, சீட்ட வச்சிகினு நிக்கிறது நீ ஒருத்திதாம்மா" என்றார் கண்டக்டர். சிரிக்கட்டும். திருவண்ணாமலையில் இறங்கும்போது கால் மரத்துப்போகவில்லை, எனக்கு அது போதும்.

அங்கே ஒரு தர்மசங்கடம். கிரிவலம் வெறுங்காலில் போவதுதான் முறை. மெத்தென்ற ஷூ போடாமல் தார் ரோட்டில் அவ்வளவு தூரம் நடக்கக் கூடாது என்று அந்தப் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். இந்திர லிங்கத்தின் முன்னால் மலையைப் பார்த்து நின்றேன். "அப்பனே, செருப்போட வரேன். வராம கெடக்கிறதுக்கு இது மேல் இல்லியா, நீயே சொல்லு" என்று சத்தமாகவே கேட்டேன். மழை மேகம் மலை மேல் உட்கார்ந்திருந்தது, வெயிலே இல்லை. அதையே உத்தரவு என்று எடுத்துக்கொண்டு ஷூவைக் கட்டினேன். புடவையும் ஷூவுமாக என்னைப் பார்த்து இரண்டு பெண்கள் சிரித்தார்கள். ஒவ்வொரு லிங்கத்திலும் கழற்றி வைத்துவிட்டுப் போய்க் கும்பிட்டேன்.

ஒன்று தெரியுமா? பதினாலு கிலோமீட்டர் பாதையில் எட்டு லிங்கம். நடந்து பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது, வலிக்கிறவளுக்கு எட்டு இடத்தில் நிறுத்தம் போட்டு வைத்திருக்கிறான் அவன். அந்தக் காலத்தில் ஒரு தம்மில் நடந்து முடித்து, அதையே பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை ஒவ்வொன்றிலும் நின்றேன். அப்பா பையிலிருந்து பாயை விரிப்பார், நான் ஓரமாகக் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்குவேன். எம லிங்கத்துப் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டு, "பொம்பளைங்க அப்பிடி நெடுஞ்சாண்கிடையா விழக் கூடாதும்மா, சாஸ்திரம் இல்ல" என்றார்.

"இது சாமிக்கு இல்லிங்க, நரம்புக்கு" என்றேன்.

நிருதி லிங்கத்தில் அதைவிட வேடிக்கை. கண்ணை மூடிப் பத்து எண்ணிவிட்டுத் திறந்தால், என் இரண்டு பக்கமும் இரண்டு அம்மாக்கள் குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள்! "இன்னா வேண்டுதல்க்கா இது? ஆரம்பத்துல இருந்தே செய்யணுமா, இங்க இருந்து செஞ்சா பலன் உண்டா?" என்று ஒருத்தி கேட்கிறாள். அப்பா பாயோடு தள்ளிப்போய், யாருடைய பெண்டாட்டியோ என்கிற மாதிரி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சிரித்த சிரிப்பில் இடுப்பு வலித்திருக்க வேண்டும். வலிக்கவில்லை!

குபேர லிங்கம் வந்தபோது ஏழு லிங்கம் முடிந்துவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று. அங்கேதான் தொடையிலிருந்து கெண்டைக்காலுக்கு அந்தக் கரண்ட் மெல்ல இறங்கியது. படுத்துப் பார்த்தேன், தண்ணீர் குடித்துப் பார்த்தேன், நாலு அடி வைத்துப் பார்த்தேன். இறங்கிக்கொண்டே இருந்தது.

"இன்னும் கொஞ்ச தூரம்தானே, கைய புடிச்சிகினு போலாமா?" என்று அப்பா கேட்டார். பாவம், எனக்காகத்தான் கேட்டார்.

எத்தனை வருஷம் கழித்து வந்திருக்கிறேன்! எட்டாவது லிங்கம் கூப்பிடு தூரத்தில் இருப்பது போல இருந்தது. பழைய நான் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பேன், அப்புறம் ஒரு மாதம் பாயில் கிடந்திருப்பேன். மலையைப் பார்த்துக் கும்பிட்டு, "இன்னைக்கு இதோட உத்தரவு வாங்கிக்கிறேன்பா" என்று ஆட்டோவில் ஏறிவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மறுநாள் காலை எழுந்து நின்றேன் பார், வலி இடுப்போடு நின்றிருந்தது! வாசல் தெளித்தேன், கோலம் போட்டேன், தெருமுனை வரை நடந்தேன். சுத்தி முடித்த எந்தக் கிரிவலத்துக்கும் நான் இவ்வளவு குதித்ததில்லை.

கண்ணு, நீ மலையேறுவதை விட்டுவிடவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நீயேதான் சொல்லிக்கொள்கிறாய். இப்போதைக்குப் பெரிய மலை வேண்டாம், முதுகில் பை வேண்டாம். உன் பிளாட்டைச் சுற்றி ஒரு சுற்று, நாளைக்கு மூன்று வேளை. அங்கேயே நல்ல வைத்தியரிடம் பயிற்சி கற்றுக்கொள். ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. ஒன்றுக்கு, இரண்டுக்குப் போவதில் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, உட்காருகிற இடம் மரத்தாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ, பயிற்சியும் வேண்டாம் நடையும் வேண்டாம், அந்த நிமிடமே ஜல்தியாக ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். அந்தப் பெண் என்னிடம் விரல் விட்டு எண்ணிச் சொன்னது இது. கூச்சப்பட்டு மறைக்காதே. மறைத்து நான் பட்டது போதும்.

டிபன் கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் கேட்பதற்கு முன்னாலேயே நீயே அவருக்குப் போன் போட்டிருக்கிறாயே, திருட்டுப் பயலே! அவர் கரண்டியோடு வெளியே வந்து, "அக்கா, தம்பிக்கு நான் மெதுவாத்தான் உதைப்பேன்" என்றார்.

"நீ மெதுவா நடந்தாலே கடையில டம்ளர் ஆடுதுப்பா. என் புள்ள முதுகு உனக்கு வேணாம்" என்றேன். பக்கத்தில் இட்லி வாங்க நின்ற செல்வி அக்கா, உன் காலில் உதை வாங்கியவர்களில் அவரும் ஒருவர், "ஏண்டி, ஊருக்கே உதைச்ச புள்ளைக்கு உதை வேணாமா?" என்று கேட்டார். அங்கேயே, எல்லார் முன்னாலும், மாட்டுப்பொங்கல் கதையையும், ஆஸ்பத்திரிப் பெண் சொன்னதையும் சொல்லிவிட்டேன் கண்ணு. குழாயடியும் இல்லை, வழுக்கலும் இல்லை என்று சொல்லிவிட்டேன். செல்வி அக்கா தன் இடுப்பைத் தடவிக்கொண்டு, "அந்தப் பொண்ணு எந்தக் கெழமையில ஆஸ்பத்திரிக்கு வருது?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நீ வராதே. இவ்வளவு தூரம் பஸ்ஸில் குலுங்கி வர உன் இடுப்பு இன்னும் தயாராகவில்லை. நான் வருகிறேன். ஆமாம், நானேதான்! சனிக்கிழமை காலை கிளம்பி, செய்யாறில் இறங்கிக் கொஞ்சம் நடந்து, காஞ்சிபுரத்தில் இறங்கி ஒரு காபி குடித்து நடந்து, அடுத்த பஸ் பிடித்து வருவேன். நாலு மணி நேரத்தில் வருகிறவர்கள் வரட்டும், எனக்கு ஆறு மணி நேரம் ஆகட்டும். உன் புது வீட்டை முதன்முதலாகப் பார்க்கப் போகிறேன். மருமகளிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன், அவள் சமையலறையை விட்டு அசைய மாட்டாள். நான் பெல் அடிப்பேன். எவ்வளவு நேரம் ஆனாலும் வாசலிலேயே நிற்பேன், நிற்பது எனக்கு இப்போது நன்றாகப் பழகிவிட்டது. நீதான் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டாவது நடந்து வந்து, எனக்குக் கதவைத் திறக்க வேண்டும்.

உன் அம்மா